நோன்புக் காலத்தில் ஒரு கல்யாண அழைப்பு

கோட்டயம்,
மார்ச் 12

என் அருமை மகள் டெய்ஸிமோளுக்கு அம்மச்சி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் சாபுவும் பிள்ளைகளும் நலமாயிருக்க தினமும் ஜெபமாலையில் உங்கள் பேரைச் சொல்கிறேன். இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் புகுந்து திட்டுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

மூன்று வாரமாக ஜோமோன் என்று ஒருவன் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தான். ஏதோ பங்குச் சந்தைக் கம்பெனியாம், போட்ட பணம் ஆறு மாதத்தில் இரட்டிப்பாம். முதல் நாள் பட்டென்று வைத்துவிட்டேன். மறுநாள் அவன் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மச்சி சாப்டாச்சா, இன்னைக்கு சோத்துக்கு என்ன கறி என்று கேட்டான். நானும் நம்ம சபைதான், ஈராற்றுப்பேட்டைப் பக்கம் வீடு என்றான். அப்புறம் தினமும் மதியம் மூன்று மணிக்குத் தவறாமல் கூப்பிட்டான். உன் அப்பச்சன் போனபின் இந்த வீட்டில் அந்த நேரம் பெரிய பாடு, உன்னிடம் எதற்கு மறைப்பது, அவன் போனுக்குக் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டேன். முப்பது வருஷம் குவைத்தில் ஆஸ்பத்திரி வார்டையே ஆட்டிவைத்த நர்ஸ் நான், வைப்புத்தொகையை எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்திருந்தேன். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக் குஞ்ஞேலிக்கும் பெருமையாக அவன் நம்பரைக் கொடுத்தேன். ரப்பர் தோட்டம் விற்ற பணம் ஒன்றுதான் அவளுக்குப் பிடிமானம். போன செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அதை அனுப்ப பாங்குக்குப் போய்விட்டாள், என் முறை மறுநாள்.

அன்றும் சரியாக மூன்று மணிக்குக் கூப்பிட்டான், ஒரே குஷி. அம்மச்சி, வர்ற திங்கக்கிழமை என் தங்கச்சிக்குக் கல்யாணம், நீங்க சர்ச்சுக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணணும் என்றான். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. ஐம்பது நோன்பு நடக்கிறது, வீட்டில் மீன் வாடைகூட இல்லை, ஈஸ்டர் வருமுன் எந்தப் பாதிரியார் தாலியை ஆசீர்வதிப்பார்? நம் கூட்டத்தில் பிறந்தவன் தூக்கத்தில்கூட அப்படி ஒரு நாளைச் சொல்ல மாட்டான். நான் குரலை மாற்றாமல், அப்படியா மோனே, எந்தச் சர்ச்சு, வீட்டுப் பேரென்ன, உங்கம்மா எந்தக் குடும்பம் என்று அடுக்கினேன். நோன்புல பிரியாணி உண்டா, இல்ல கஞ்சிதானா என்றேன். போனை வைத்துவிட்டான்.

நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பறந்தேன். பாங்கு மூடும் நேரம், குஞ்ஞேலி வரிசையில் காத்து நின்று அப்போதுதான் கவுண்ட்டரில் படிவத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கிக் கிழித்துவிட்டேன். எனக்கு முதல்ல காசு வந்துடும்னு வயித்தெரிச்சலாடி மறியக்குட்டி என்று பாங்கே அதிரக் கத்தினாள். எடி, அவன் தங்கச்சிக்குத் திங்கக்கிழமை கல்யாணமாம், ஐம்பது நோன்புல எவன்டி கல்யாணம் வைப்பான் என்றேன். வாயைப் பிளந்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஒரு பைசா போகவில்லை மோளே! மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து போலீஸுக்கும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் என் கையிலேயே மைக்கைக் கொடுத்தார், நான் சொன்னதைக் கேட்டு சர்ச்சே சிரித்தது. சிரித்தவர்களில் நாலு பேர் வெளியே வந்ததும் என் காதோடு, அவன் எங்களையும் தினமும் கூப்பிடறான் என்றார்கள். இப்போது ஊரில் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர்.

கர்த்தர் உங்கள் வீட்டையும் வேலையையும் காக்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு மாத்திரை போட்டாயா, பிரஷர் பார்த்தாயா என்று கேட்கிறாய். அந்தத் திருடன் இருபது நாள் என்ன கறி என்று கேட்டான். மூன்று மணி இப்போது காலியாக இருக்கிறது, உனக்கு அங்கே காலை நேரம்தானே, நீ எடுத்துக்கொள்.

உன் அம்மச்சி,
மறியக்குட்டி