உப்பைக் கழுவும் தண்ணீர்

ஏப்ரல் 9, 1983. சனி.

வெயில். காலையிலேயே முற்றத்துச் சிமெண்டு சுடுகிறது. நேற்று ராத்திரி மதுரையிலிருந்து ரயிலில் திரும்பினோம். அப்பா, அத்தை, நான். இந்த வாரம் டைப்ரைட்டிங் வகுப்பு போச்சு.

அப்பாவைப் பார்த்த டாக்டர் சொன்னது: "ரெண்டு கிட்னியும் சரியா வேலை செய்யல. ரத்தத்துல உப்பு கூடிருச்சு." நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்றதும் என்னிடம் தனியாகக் கொஞ்சம் விளக்கம். இந்த உப்பு வேறு. யூரியா. சனங்களுக்குப் புரியட்டும் என்று உப்பு என்கிறார்கள். கூடாதவை: இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டு, கீரை, கருவாடு. இளநீர் கூடவே கூடாது என்று வாசல்வரை வந்து மறுபடி சொன்னார். அதில் பொட்டாசியம். நல்ல கிட்னி வெளியே தள்ளிவிடும். அப்பாவுடையது தள்ளாது. ரத்தத்தில் தேங்கினால் இதயம் நிற்கும்.

அத்தை காதில் விழுந்தது 'உப்பு' மட்டும்.

ரயில் ஆண்டிபட்டி தாண்டும்போதே ஆரம்பம். "உப்பு கூடிருச்சுன்னா கழுவி விடணும். கழுவுறதுக்கு எளநிய விட்டா என்ன இருக்கு? தோப்பு வச்சிருக்கவன் எளநி குடிக்கக் கூடாதாம்ல." எதிரில் இருந்தவர் தலையாட்டினார். நான் விளக்கிச் சொன்னேன். என் குரல் ரயில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

ஏப்ரல் 12

அம்மா குழம்பில் துளி உப்பு இல்லை. அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "மாட்டுக்குக்கூட தவிட்டுல உப்பு போடுவோம்ல ஆத்தா." என்னைத்தான் ஆத்தா என்பார்.

காயை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். டாக்டர் சொன்ன முறை. அம்மா வேகவைத்து வடித்து வைத்தாள். கொட்டுமுன் அத்தை அதை எடுத்து ரசம் வைத்துவிட்டார். சத்து வீணாகக் கூடாதாம். ரசத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றினேன்.

"முருங்கைக்குக் கெடச்ச சத்து எந்தம்பிக்குக் கெடைக்கல" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி அத்தை.

ஏப்ரல் 15

போடி முழுக்க டாக்டர்கள். ஏலக்காய்க் கடைக்காரர் வாழைத்தண்டு கொண்டுவந்தார். குரங்கணி மாமா மலைவாழைச் சீப்பு. "மலையில வெளைஞ்சது, ஒண்ணும் செய்யாது." எல்லாவற்றையும் வாங்கி வைத்து, சிரித்து, காப்பி கொடுத்தேன். காப்பிக்கு ஏலம் தட்டிப்போட மறந்தேன் என்று அதற்கும் ஒரு சொல்.

கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

ஏப்ரல் 18

அத்தை சொல்வது பொய்யும் இல்லை. அதுதான் கஷ்டம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில், காய் எடுப்பு நேரம். எனக்கு வாந்தி, பேதி. கண் செருகிவிட்டதாம். அம்மா கையை உதறிக்கொண்டு நின்றாளாம். கீழிருந்து லோடு ஏற்ற வந்த ஜீப்பில் இருந்த இளநீரை அத்தை வெட்டி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, விடிய விடியச் சங்கால் புகட்டினார். பிழைத்தேன். இறங்கிப்போன பொட்டாசியம் திரும்பக் கிடைத்தது, இன்றைக்கு எனக்குக் காரணம் தெரியும்.

அத்தைக்குக் காரணம் தெரியாது. சாட்சி தெரியும். சாட்சி நான்தான்.

வருகிறவர்களிடம் என்னைக் காட்டியே சொல்கிறார். "இந்தா நிக்கிறால்ல, எளநி குடிச்சுப் பொழைச்ச சிறுக்கி. இன்னைக்கு அப்பனுக்குக் குடுக்க மாட்டேங்குறா."

ஏப்ரல் 23

வைக்கோல் படப்புக்குப் பின்னால் வெட்டிய இளநீர்க் கூடுகள். சில காய்ந்தவை. ஒன்று ஈரம். எறும்பு.

அத்தையிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமா, நாந்தான் குடுத்தேன். அவனுக்கு எது ஒத்துக்கிரும்னு எனக்குத் தெரியாதா? எங்காத்தா போனதுல இருந்து அவன் மூக்கத் தொடச்சு வளத்தவ நானு."

அப்பாவிடம் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "தண்ணிதான ஆத்தா. நம்ம மரத்துத் தண்ணி நம்மள என்ன செஞ்சுரும்?"

"கொன்னுரும்ப்பா."

இந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அத்தை, "வாயில நல்ல சொல்லே வராதா ஒனக்கு?" என்றார்.

மாலையில் அரிவாளை எடுத்து நெல்மூட்டைக்கு அடியில் ஒளித்தேன்.

ஏப்ரல் 25

குழாயடியில்:

"அப்பனுக்கு எளநி வெட்டுற அருவாள ஒளிச்சு வச்சுட்டாளாம்ல."

"அதுக்குக் காலேசு வரைக்கும் போகணுமாக்கும்."

சிரிப்பு. என்னைப் பார்த்ததும் வெயிலைப் பற்றிப் பேச்சு. குடம் நிறையும் வரை தலையைத் தூக்கவில்லை.

ஏப்ரல் 30

போடிமெட்டுப் பக்கம் மேகம். இங்கே சொட்டு இல்லை.

அப்பாவுக்குக் கால் கனக்கிறதாம். எழுந்து நிற்க முடியவில்லை. நாடி பிடித்துப் பார்த்தேன். மெதுவாக, விட்டுவிட்டு. மதுரைக்கு உடனே போக வேண்டும் என்றேன். குரங்கணி மாமா கார் பேசப் போயிருக்கிறார்.

"சூடு. வேறொண்ணுமில்ல. காலு கனத்தா சூடுதான்" என்று அத்தை. பக்கத்து வீட்டு அரிவாள் எங்கள் கொல்லைச் சுவரில் சாத்தியிருந்தது.

மே 6

எழுத உட்கார முடிந்தது இன்றுதான்.

கார் தேனி தாண்டவில்லை. என் மடியில் தலை. கடைசியாகச் சொன்னது, "வெரசா போகச் சொல்லு ஆத்தா."

மே 8

அத்தை ஒப்பாரி வைக்கிறார். ஊரிலேயே அவர் குரல்தான் குரல்.

எளநிக்கு ஏங்கினியே
எந்தம்பி என் துரையே
பெத்த மக குடுக்கலையே
பேருபெத்த தோப்பிருந்தும்

பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழுதபடியே என்னைப் பார்க்கிறார்கள். கொன்னுரும் என்று நான் சொன்னதும் பரவியிருக்கிறது. சொன்ன வாய்தான் கொன்றதாம்.

அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன். படப்புக்குப் பின்னால் கிடப்பதை எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டட்டுமா?

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவளுக்கும் தெரியும்டீ. அதான் கத்துறா. விடு."

எத்தனை நாளைக்கு விடுவது?

மே 15

கருமாதி. பந்தல். தாங்க முடியாத வெயில். படையலில் அவருக்குப் பிடித்தது எல்லாம். நடுவில் தோப்பிலேயே சீவிக் கொண்டுவந்த இளநீர். "இப்பயாச்சும் வையி" என்று ஒரு சித்தி என் கையில் கொடுத்தாள். வைத்தேன்.

மதியம் அத்தை மயங்கி விழுந்தார். அப்பா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது. ஆளாளுக்கு விசிறினார்கள். அரிவாளைத் தேடினார்கள்.

அது இருக்கும் இடம் எனக்குத்தான் தெரியும். நெல்மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்தேன். நானே வெட்டினேன். ஒரு சிட்டிகை உப்பு. தலையை மடியில் வைத்து, டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன்.

அத்தைக்குக் கிட்னி நன்றாக இருக்கிறது. முகம் தெளிந்தது. கண் திறந்து டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்த ஒரு வாய்க்குத்தான் எந்தம்பி ஏங்கிப் போனான்" என்றார். சுற்றி இருந்தவர்கள் திரும்ப அழ ஆரம்பித்தார்கள்.

டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. "குடிங்க அத்தே" என்றேன்.