இம்முறை பெக்கோ வராது, அப்பா

என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களோடு மனதுக்குள் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். இன்று அதை எழுத்தில் பிடிக்கிறேன். ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாளை மறுநாள் தேர். மண் வெட்டும் உங்கள் பெக்கோ வளவில்தான் நிற்கிறது. அதன் பற்றறியைக் கழற்றி அம்மாவின் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். உறவுக்காரர் யாராவது உரிமையோடு வந்து தேர் இழுக்க ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. உங்கள் வளவிலேயே நான் களவுக்குக் காவல் இருக்கிறேன், பாருங்கள்.

ஊர் உங்களைப் பற்றி இன்றும் நல்லதாகத்தான் கதைக்கிறது. மயிலிட்டிக் காணிகள் இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது பற்றைக்குள் மூடிக் கிடந்த கிணறுகளைத் தேடித் தேடித் தூர்வாரினீர்கள். “எல்லை எது?” என்றுதான் கேட்பீர்கள். ஆருடைய காணி, என்ன ஆட்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வர்த்தகர் சங்கத்துக்கும் நீங்கள்தான் தலைவர், கோயில் சபைக்கும் நீங்கள்தான் தலைவர். சண்டை பிடித்துக்கொண்டு வருகிற இரண்டு பகுதியையும் வளவில் இருத்திப் பிளேன்ரீ கொடுப்பீர்கள். போகும்போது இரண்டு பகுதியும் தாங்களே வென்றதாக நினைத்துக்கொண்டு போகும். அந்த வித்தை எனக்கு வராது அப்பா. எனக்கு வாயில் வந்ததுதான் வரும்.

நீங்கள் இருந்து பார்த்த கடைசித் தேரை நினைத்துப் பார்க்கிறேன். குளத்தடிச் சனம் தாங்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று கேட்ட வருஷம் அது. சாதியைச் சொல்லி மறுக்கச் சபைக்கு வெட்கம். ஊரில் ஆள் குறைவு, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், ஆகவே பெக்கோவால் இழுப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஆள் குறைவாம்! தெற்கு வீதி முழுக்கக் குளத்தடிச் சனம் கைகட்டி நின்றது.

நீங்கள் அதற்கு ஓம் என்றீர்கள். ஆனால் பெக்கோவை ஓட்ட ஜெகனை ஏற்றிவிட்டீர்கள். நம்மிடம் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறவன், அதே குளத்தடிப் பிள்ளை. மத்தியானம் சாப்பிடும்போது, “சபையின்ரை பிடிவாதமும் நிண்டுது, இவன்ரை கையாலை தேரும் ஓடிச்சுது” என்று சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள். அடுத்த தேருக்கு நீங்கள் இல்லை. திருப்பணி என்று போன வருஷம் தேரும் ஓடவில்லை.

இந்தத் திங்கட்கிழமை சபைச் செயலாளர் தம்பிராசா மாமா வளவுக்கு வந்தார்.

“பிள்ளை, தேரண்டு விடியவே பெக்கோவை அனுப்பிவிடும். ஓடுறதுக்கு நாங்கள் ஆள் கொண்டு வாறம்.”

“ஏன் மாமா, ஜெகன் இருக்கிறான்தானே?”

“உவன் வேண்டாம். அந்த முறை ஒருத்தரும் யோசிக்கேல்லை. பிறகுதான் சனம் கதைக்கத் தொடங்கினது.”

ஜெகன் பக்கத்தில்தான் பெக்கோவுக்குக் கிறீஸ் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“ஜெகன் ஓடாட்டில் பெக்கோ வராது.”

“கொப்பரின்ரை பேரைக் கெடுக்காதையும்” என்று உங்களை இழுத்துச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் பெரிய வீரம் பேசிவிட்ட நினைப்பில் ஜெகனிடம் போனேன்.

“நீதான் ஓடுறாய். ஆர் வந்து என்ன சொன்னாலும் சரி.”

“நான் ஓட மாட்டன் அக்கா.”

“ஏன், பயமே?”

“பயமில்லை. எங்கடை சனத்தை வடத்திலை விடக்கூடாதெண்டுதானே பெக்கோவைக் கொண்டு வந்தவை. அதை ஓடினவன் நான். அம்மா தெற்கு வீதியிலை நிண்டவ. என்னைக் கண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டா.”

“அப்பாட்டைச் சொன்னனியே?”

“சொன்னனான். அடுத்த தேருக்கு வேறை மாதிரிச் செய்வம் எண்டவர்.”

உங்களுக்குத் தெரிந்திருந்தது, அப்பா. ஏன் என்னிடம் சொல்லவில்லை? வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று யோசித்து வைத்திருந்தீர்களா? இல்லை, அதுவும் ஜெகனைச் சமாளிக்கச் சொன்ன கதைதானா? உங்களை நினைத்து அழுதுகொண்டே உங்களோடு கோபிக்கவும் வேண்டியிருக்கிறது. எனக்கு இது பழக்கமில்லை.

அன்றே செயலாளருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டேன். ஜெகன் ஓடினாலும் ஆர் ஓடினாலும் பெக்கோ இல்லை. ஆள் குறைவென்றால் தெற்கு வீதியில் நிற்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் இரண்டு பேர் கிணறு தூர்வாரப் பெக்கோ சொன்னதை வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைத்தெருவில் எனக்கு முன்னால் கதை நின்றுபோகிறது. தம்பி கனடாவிலிருந்து, “ஏனக்கா ஊரோடை கொழுவுறாய்?” என்கிறான். அம்மா அதைவிட மேல். “கொப்பர் இருந்தால் இதை இவ்வளவுக்கு விட்டிருக்க மாட்டார்” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவுகிறார். அவர் சொல்வது சரிதான். நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது சபை கொடிகாமத்திலிருந்து வேறு பெக்கோ பிடிக்கப் பார்க்கிறது. அங்கே பெக்கோ வைத்திருப்பவர் உங்களிடம் தொழில் பழகியவர் என்பதால் கூப்பிட்டு, அனுப்ப வேண்டாம் என்று கேட்டேன். “யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை” என்றார். இன்னும் சொல்லவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவராக்கும் என்று ஓடுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் குளத்தடிக்குப் போனேன். ஜெகனின் தாயார் என்னை இருக்கச் சொல்லிக் கதிரையைத் துடைத்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன், தேரன்று வடம் பிடிக்க வருவீர்களா என்று.

“ஐயா நல்ல மனிசன், பிள்ளை. எங்கடை கிணறும் அவர்தான் துப்புரவாக்கித் தந்தவர். ஆனா அண்டைக்கு என்ரை பிள்ளையை வைச்சே எனக்கு வழி மறிச்சவர்.”

பிறகு அவரே கேட்டார்.

“நாங்கள் வந்தால் உங்கடை ஆக்கள் வடத்தை விட்டிட்டுப் போவினம். அப்ப நீங்கள் என்ன செய்வியள்?”

“நான் விடமாட்டன்.”

“அப்ப வாறன்” என்றார்.

அவ்வளவுதான் அப்பா, இனி நான் பின்வாங்க இடமில்லை. தேரன்று விடியக் குளத்தடிக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன். வேறு பெக்கோ வந்து நின்றால் வடத்தை அதில் கொழுவ விடமாட்டேன். எல்லோரும் போய், நானும் அவரும் மட்டும் நின்றால் தேர் அசையாது, எனக்குத் தெரியும். உங்கள் மகள் தேரை நிற்பாட்டினாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அவர் கையை எடுக்கும்வரை நான் என் கையை எடுக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களோடு கோபமாக இருக்கும்,
உங்கள் மூத்த பிள்ளை
வாணி