தாள் உங்களுது, உடம்பு என்னுது

ஜூலை 8, திங்கள்

காற்றோ காற்று. மாடியில் காயப்போட்ட இவருடைய வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். 7-பி கணக்கு நோட்டு 42, பாதிகூடத் திருத்தவில்லை.

மாலை புது ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை பித்தப்பைக் கல் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர், சின்னப் பெண், "ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?" என்றாள். சொன்னேன்: போன மாதம் டைபாய்டுக்கு வேறு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு ஊசி. அஞ்சு நிமிஷத்தில் முகம் வீங்கி மூச்சு அடைத்தது. என்ன ஊசி என்று யாரும் சொல்லவில்லை.

அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினாள். சிக்கல் ஏதும் இல்லை என்று இருக்கிறதாம்.

"பேரு தெரியணும்மா. தெரியாம மறுபடி அதையே போட்டுட்டா?"

சிக்கல் இல்லையாம்! செத்துப் பிழைத்தவள் நான். பொய்யை டைப் அடித்து, கீழே சீல் வேறு.

ஜூலை 9, செவ்வாய்

அரை நாள் லீவு. ஒன்றாம் நம்பர் பஸ், ஸ்ரீரங்கத்திலிருந்து நின்றுகொண்டே. பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம். கவுன்ட்டரில் ஒரு கண்ணாடிக்காரர்.

"சம்மரிதான் கொடுத்தாச்சேம்மா."

"கேஸ் ஷீட் நகல் வேணுங்க."

"அது ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். வெளிய தரமாட்டோம்."

"தாள் உங்களுது, உடம்பு என்னுது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, கார்பன் வைத்து மனு. கேட்டவை:

டாக்டர் குறிப்பு
நர்ஸ் குறிப்பு
மருந்து சார்ட், காய்ச்சல் சார்ட்
லேப் ரிப்போர்ட் எல்லாம்
கையெழுத்து வாங்கின சம்மதப் படிவம் (அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது)

காரணம்: அடுத்த டாக்டர் என்னைக் கொல்லாமல் இருப்பதற்காக.

"இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"அப்ப எதுக்குங்க இவ்வளவும் எழுதி வைக்கிறீங்க? இன்சூரன்ஸ்காரன் பார்க்கவா?"

கேட்டால் மூன்று நாளுக்குள் தர வேண்டும் என்பது விதி. அதையும் மனுவில் எழுதினேன். கார்பன் நகலில் சீல் குத்தாமல் நகரவில்லை.

ஜூலை 10, புதன்

ரசம் சாதம் மட்டும். வலது விலாவில் வலி.

பழைய ஆஸ்பத்திரி மேனேஜர் போன், இவருக்கு! மனுவில் என் நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. "மேடம் கேஸ் போடப் போறாங்களா சார்?" இவர் ரயில்வே ஒர்க் ஷாப்பில் பெரிய அதட்டல் ஆசாமி, போனில் குழைகிறார். வைத்துவிட்டு, "ஏன் வம்பு? விடேன்."

"மூச்சு நின்னது எனக்கா, உங்களுக்கா?"

சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும். பயமாக இருந்தது, கொஞ்சம் அழுதேன். மனுவை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

ஜூலை 11, வியாழன்

கொடுத்துவிட்டார்கள்! 31 பக்கம். கண்ணாடிக்காரர் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் என்று பஸ்ஸில் தெரிந்தது. ஊசி போட்ட அன்றைய நர்ஸ் குறிப்பு. மதியம் மூன்று மணிக்கு மேல் ஆறு வரி காணோம். தாளில் அச்சடித்த கோடுகூட இல்லை. ஒயிட்னர்.

இருபத்தாறு வருஷமாக அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன். தப்பாகப் போட்டால் சிவப்பில் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. அடியில் இருப்பது தெரிய வேண்டும். ஒயிட்னர் வைத்தால் ஹெச்.எம். தோலை உரித்துவிடுவார்.

ஆனால் ஒன்று. அட்டெண்டன்ஸில் தில்லுமுல்லு செய்கிறவர்கள் சத்துணவு ரெஜிஸ்டரை மறந்துவிடுவார்கள். வரவில்லை என்று போட்ட பிள்ளை அதில் முட்டை தின்றிருக்கும். மருந்து சார்ட்டை எடுத்தேன். அதே நாள். செஃப்ட்ரியாக்ஸோன், 3.10. அதன் பிறகு உள்ள கட்டங்களில் எல்லாம் குறுக்குக் கோடு, 'நிறுத்தவும்'. அடுத்த வரியில் 3.20க்கு வேறு ஊசி, 'அவசரம்'.

அகப்பட்டாயா!

இவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். தானே போய் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து வந்தார்.

ஜூலை 12, வெள்ளி

காலை 6.40. புது ஆஸ்பத்திரி. பச்சை கவுன், முதுகில் முடிச்சு நிற்கவில்லை. கட்டில் கால்மாட்டில் தொங்கும் படிவத்தை எடுத்துப் படித்தேன். 'அலர்ஜி: இல்லை.' பழைய சம்மரியைப் பார்த்து எழுதினதாம்.

சிவப்புப் பேனா. ஒரே கோடு. மேலே ஊசியின் பெயர், சுருக்கொப்பம், தேதி, நேரம்.

நர்ஸ் ஓடி வந்தாள். "ஐயோ டீச்சர், பேஷண்ட் இதுல எழுதக் கூடாது!"

"டாக்டரைக் கூப்பிடுங்கம்மா. அவங்களும் பக்கத்துல கையெழுத்துப் போடட்டும்."

மயக்க மருந்து டாக்டர் வந்தாள். மருந்து சார்ட்டை நீட்டினேன். படித்தாள். எனக்காக நர்ஸ் தயாராக வைத்திருந்த ட்ரேயிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். லேபிள் என் பக்கம். அதே பெயர்.

என் சுருக்கொப்பத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். என் பேனாவால்தான்.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. பேனா இவரிடம். வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.