டோன்யா கமோத்தேயின் தகப்பனார்

மியாகாவ்,
28 செப்டம்பர் 1997

அன்புள்ள தோத்தோ,

நலம். உன் நலம் பற்றி நீ எழுதிப் பத்து வாரம் ஆகிறது. பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்பவனுக்கு ஓய்வு குறைவு என்று எனக்கும் தெரியும். ஆனால் தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். கடிதம் எழுதாதவன் அவர் மகன் என்பது போல!

ஒரு செய்தி. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாநாடு அக்டோபர் 16 முதல் மூன்று நாள் மணிலாவில் நடக்கிறது. நம் ஊரிலிருந்து பதினொரு பேர் கப்பலில் வருகிறோம். உனக்கு நாலாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த போனி சார்தான் தலைவர். "மாநாடு பகல்லதானே சார்? ராத்திரி மணிலா நமக்குத்தான்!" என்று இப்போதே குதிக்கிறார். அறுபத்தேழு வயது. சோலெதாத் டீச்சர் அதற்கென்றே புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார்.

எனக்கு ராத்திரிச் சுற்றலில் நாட்டமில்லை. நீ சீருடையில் மேசைக்குப் பின்னால் நிற்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உன் அம்மா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். ஹோட்டலின் பெயரை நீ எழுதியதே இல்லை. எழுது.

டீச்சரின் அண்ணன் மகள் நர்ஸ் வேலையில் சேர்ந்திருக்கிறாள். நேரில் பேசுவோம்.

உன் அப்பா,
ஹெனெரோசோ மோந்தேக்ளாரோ
தலைமை ஆசிரியர் (ஓய்வு)


கேசோன் சிட்டி,
6 அக்டோபர் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். எழுதாதது தப்புதான். தபால்காரரிடமும் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

நீங்கள் வரும் வாரம் முழுக்க எனக்கு இரவுப் பணி. வீட்டு ஆட்கள் வந்து பார்ப்பதை எங்கள் மேலாளர் விரும்புவதில்லை, மிகவும் கண்டிப்பானவர். அதனால் ஹோட்டல் வேண்டாம் அப்பா. 19ஆம் தேதி ஞாயிறு காலை, கியாப்போ தேவாலயத்தில் எட்டு மணிப் பூசை முடிந்ததும் மெழுகுவர்த்தி விற்பவர்கள் உட்காரும் வாசலில் நிற்பேன். அன்று முழுக்க உங்களோடுதான்.

போனி சார் கூப்பிட்டார் என்று இரவில் எங்கும் கிளம்பாதீர்கள். இங்கே காற்று மோசம், உங்கள் மார்புக்கு ஆகாது. சீக்கிரம் படுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் வேலை கிடைத்தவருக்கு என் வாழ்த்து. அவ்வளவுதான்.

உங்கள் தோத்தோ,
லியாந்த்ரோ


கேசோன் சிட்டி,
22 அக்டோபர் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

கையை ஒற்றிக்கொள்கிறேன். ஞாயிறன்று மூன்று பூசை முடியும்வரை வாசலில் நின்றேன். பிறகு நீங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். சனிக்கிழமைக் கப்பலிலேயே தனியாகக் கிளம்பிவிட்டீர்கள் என்றார்கள். உடம்புக்கு ஏதாவதா? மார்பு வலியா? ஒரு வரி எழுதுங்கள், போதும்.

வெள்ளிக்கிழமை இரவு எனக்கு ஹோட்டலில் கடுமையான வேலை. ஜப்பானிலிருந்து ஒரு பெரிய குழு வந்திருந்தது. விடியும்வரை மேசையை விட்டு நகரவில்லை.

உங்களுக்கு வாங்கிய சட்டை என்னிடமே இருக்கிறது. வெள்ளைதான்.

உங்கள்
லியாந்த்ரோ


மியாகாவ்,
3 நவம்பர் 1997

தோத்தோ,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நாலு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நேற்று கல்லறைத் திருநாள். உன் அம்மாவின் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்ல முடிந்ததை உன்னிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பான் குழு எதுவும் வரவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தப்பித்துப் போக நீ ஒரு கதவைத் திறந்து வைத்தாய். உடம்பு சரியில்லை என்று நான் எழுதியிருந்தால் நீயும் நம்பியது போல எழுதியிருப்பாய், இன்னும் பத்து வருடம் இப்படியே ஓடியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை போனி சார் ஒரு ஜீப்னியை வாடகைக்குப் பேசிவிட்டார். நான் வரவில்லை என்றேன். "சார், தூங்குறதுக்கா கப்பல்ல வந்தோம்? அதை மியாகாவுலயே பண்ணலாமே!" என்று எல்லோருமாகக் கையைப் பிடித்து இழுத்தார்கள். கடற்கரைச் சாலையில் வறுத்த மீன் தின்றோம். மலாத்தேயில் ஒரு மாடியில் இளைஞர்கள் கிடார் வாசித்தார்கள். சோலெதாத் டீச்சர் புதுச் செருப்போடு ஆடினார். உண்மையைச் சொல்கிறேன், நானும் கை தட்டினேன். இவ்வளவு வெளிச்சத்தையும் இவ்வளவு இளசுகளையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. இரண்டு பீர் குடித்தேன். என் மகன் இந்த ஊரில் இருக்கிறான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஓட்டுநர், "சிரிக்கணுமா? நல்ல இடம் ஒண்ணு இருக்கு. ஆனா திட்டுவாங்க, கோவிச்சுக்கக் கூடாது" என்றார். போனி சார் துள்ளினார்.

டோன்யா கமோத்தே மேடைக்கு வந்தபோது நானும் மற்றவர்களைப் போலத்தான் சிரித்தேன். சிவப்புக் கவுன், அந்த உயரமான கொண்டை. நம் கொல்லையில் விளையும் கமோத்தே கிழங்கின் பெயரை ஒரு சீமாட்டி வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று சிரித்தேன். பிறகு நீ மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "பிள்ளைகளே! நகம் வெட்டாத கை நாட்டை எப்படித் தூக்கும்?" என்றாய்.

அது என் குரல். முப்பத்தொரு வருடம் கொடிக்கம்பத்தின் கீழே நின்று நான் பேசிய குரல். கூடம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் மேசையில் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். போனி சார் மட்டும் இன்னும் புரியாமல், "சார், அச்சு அசல் நீங்கதான்! இந்தப் பொம்பளைக்கு உங்களைத் தெரியுமா?" என்றார். நான், "எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். முதல் பொய் அது.

நீ கீழே இறங்கி வந்தாய். "இதென்ன மேசை? மியூசியத்தை மொத்தமா பெயர்த்துக் கொண்டுவந்துட்டாங்களா?" என்றாய். "நாங்க ரிட்டயர்டு டீச்சருங்கம்மா!" என்றார் போனி சார். "ஐயய்யோ! அப்ப எல்லாரும் கையை நீட்டுங்க, நகம் பார்க்கணும்!" என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் என் கையைப் பிடித்தாய். பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாய்.

பிறகு, "ஐயா, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே நீட்டினாய்.

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"எனக்குப் பிள்ளையே இல்லை."

அது கூடம் முழுக்கக் கேட்டது, தோத்தோ. இப்போதும் கேட்கிறது. நீ திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "அதான் தலையில இவ்வளவு முடி மிச்சம் இருக்கு! பிள்ளை பெத்தவரைப் பாருங்க!" என்று போனி சாரின் வழுக்கையைத் தட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ என்னைக் காப்பாற்றினாய், நான் அதற்குச் சிரித்தேன்.

திரும்பும் வழியில் ஜீப்னியில் எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒரு மகன் இருப்பது தெரியாதவர் அந்த வண்டியில் யார்? நான் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் பாதிப் பேருக்கு நீ யாரென்றே தெரிந்திருக்காது. இறங்கும்போது சோலெதாத் டீச்சர் மட்டும் மெதுவாக, "நாலாம் வகுப்புல அவனுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தது நான்தான் சார்" என்றார்.

விடிந்ததும் கப்பல் ஏறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பூச்சும் கவுனும் கண்டு நான் வெட்கப்பட்டேன் என்று நினைப்பாய். அந்தக் கொஞ்ச நேரம் அப்படித்தான் வெட்கப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பதினேழு நாளாக என்னைத் தின்பது அந்த வெட்கமல்ல. மகனை இல்லை என்று சொன்ன இந்த வாயால் ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க மனம் வராமல் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பதில் எழுதாவிட்டால் தபால்காரரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்பா


கேசோன் சிட்டி,
17 நவம்பர் 1997

அப்பா,

உங்கள் கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லாமல் இதுதான் முதல் கடிதம். உறையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். கோபம் இருக்கிறது. அந்தக் கேள்வியை எல்லா மேசையிலும் ஏதாவது ஒரு பெரியவரிடம் கேட்பேன். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. கேட்ட பிறகு, "இருக்கான், ஒருத்தன்" என்று நீங்கள் சொல்லிவிட மாட்டீர்களா என்று மனசு அடித்துக்கொண்டது. அவ்வளவு போதும். நான் அடுத்த மேசைக்குப் போயிருப்பேன். ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அன்று நிகழ்ச்சியை முழுதாக முடித்தேன். பிறகு பின்பக்கம் போய்க் கொண்டையைக் கழற்றாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கூட ஆடும் பெண்கள், "என்னடி, காதலன் கைவிட்டுட்டானா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

ஆனால் என் பக்கத்து அழுக்கையும் நீங்கள் கேட்க வேண்டும். ஆறு வருடமாக உங்கள் குரலை வைத்துத்தான் எனக்குப் பெயர். முன்பின் தெரியாத குடிகாரர்கள் உங்கள் கொடியேற்ற உரையைக் கேட்டு மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். அது யாருடைய குரல் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் ஹோட்டல், சீருடை, ஜப்பான் குழு என்று ஆறு வருடப் பொய். நீங்கள் என்னை ஒரு தடவை இல்லை என்றீர்கள். நான் உங்களை வாரத்துக்கு ஐந்து இரவு விற்றேன்.

அந்தக் குரலை முதலில் பேசியது மேடையில் இல்லை. அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது பேசினேன். மருந்து குடிக்க மாட்டேன் என்பாள், நான் உங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பிள்ளைகளே! மருந்து குடிக்காத வாய் தேசிய கீதத்தை எப்படிப் பாடும்?" என்பேன். சிரித்துச் சிரித்து இருமுவாள், பிறகு குடித்துவிடுவாள். நீங்கள் வெளியிலிருந்து, "அங்கென்ன சத்தம்?" என்று அதட்டுவீர்கள். அதற்கும் சிரிப்பாள். அது கேலி இல்லை அப்பா. மேடைக்கு வந்த பிறகு கேலி ஆகிவிட்டது. எந்த இரவில் ஆனது என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பகுதியைச் செய்ய முடியவில்லை. தொண்டையைச் செருமினால் உங்கள் முகம்தான் வருகிறது. முதலாளி முணுமுணுக்கிறார். மாமியார் குரலை வைத்து வேறொன்று தயார் செய்கிறேன். சிரிக்கிறார்கள், ஆனால் பழையது போல இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். டிசம்பர் 23 கிளம்பும் கப்பல். ஹோட்டல்காரனாக வர மாட்டேன். யாராவது வேலை என்னவென்று கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கவுன் எடுத்து வரவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் புருவத்தை மழித்திருக்கிறேன், அது வளர நாளாகும். ஊர் பார்க்கத்தான் செய்யும். உங்களால் தாங்க முடியாது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள், வராமல் இருந்துவிடுகிறேன். துறைமுகத்துக்கு வந்துவிட்டு அங்கே கண்ணைத் திருப்பிக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். இன்னொரு தடவை அதற்கு என்னிடம் நகைச்சுவை இல்லை.

லியாந்த்ரோ


மியாகாவ்,
6 டிசம்பர் 1997

என் அன்பு மகன் தோத்தோவுக்கு,

தாங்க முடியுமா என்று கேட்டிருந்தாய். தெரியாததைத் தெரியும் என்று எழுதி உன்னை ஏமாற்றக் கூடாது என்று, நேற்று பஸ் ஏறி இலோயிலோ துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கப் போனதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருந்தவன் என் பழைய மாணவன். பெயர் மறந்துவிட்டது, அவன் மறக்கவில்லை. எழுந்து நின்று என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "யாரு சார் வர்றாங்க?" என்றான்.

"என் மகன்."

"லியாந்த்ரோவா! ஹோட்டல்ல பெரிய வேலைன்னு சொல்லுவீங்களே சார்?"

எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் இருவர் நம் ஊர்க்காரர்கள். "ஆமாம்" என்று ஒரு சொல் போதும், நகர்ந்திருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஹோட்டல் இல்லப்பா. அது நான் தெரியாம சொல்லிக்கிட்டிருந்தது. அவன் மேடையில நிக்கிறான். பொம்பளை வேஷம் போட்டு ஜனங்களைச் சிரிக்க வைக்கிறான். மணிலாவுல அவனுக்குப் பேரு இருக்கு" என்றேன்.

குரல் உடைந்துவிட்டது. கடைசி வார்த்தைகள் யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது. வரிசையில் ஒருவன் சிரித்தான். திரும்பிப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டான். மாணவன் தலையைச் சொறிந்தான். "அவன் எப்பவுமே சிரிப்புக்காட்டுவான் சார்" என்று சொல்லி, கப்பல் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது முகம் எரிந்தது. வெட்கம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், தோத்தோ. எழுபது வயதில் அது ஒரே நாளில் போகாது. ஆனால் இனி அதைச் சுமப்பது என் வேலை, உன்னுடையது இல்லை. டீச்சரின் அண்ணன் மகள் பேச்சையும் இனி எடுக்க மாட்டேன்.

அம்மாவின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். சன்னல் கதவு ஒன்று சரியாகச் சாத்த வருவதில்லை, அதைப் பொறுத்துக்கொள்.

கப்பல் 24ஆம் தேதி மாலை நாலு மணிக்கு வரும் என்று தாளில் எழுதியிருக்கிறது. அலை பெரிதாக இருந்தால் தாமதமாகுமாம். நான் மதியமே போய் முன்வரிசையில் நிற்பேன்.

அப்பா