கடைசிச் சரணம்

நெஸ்டா,

உன் அக்கா வீட்டில் குளிர் அதிகம். சால்வையை மறந்துவிட்டுப் போய்விட்டாய், இத்துடன் அனுப்புகிறேன்.

நேற்று கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை முடிந்ததும், "ஆர்கன் கூரையையே தூக்கிருச்சுப்பா!" என்றார் போதகர். பக்கத்து ஊர் இட்ரிஸ் மட்டும், "கடைசிச் சரணத்துல உன் பொண்டாட்டி தனியா மேல் ஸ்தாயில ஏறிப் பாடுறதைக் கேக்கத்தான்டா பஸ் ஏறி வந்தேன். அதையே அமுக்கிட்டியே!" என்றான். தலை குனிந்துகொண்டேன்.

ஒத்திகையில் உன் குரல் ஒருமுறை பிசிறியது. ஊர் சிரித்துவிடுமே என்றுதான் ஆர்கனின் அத்தனை குழல்களையும் திறந்து முழுச் சத்தத்தில் வாசித்தேன். உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லப் பார்க்கிறேன், வாய் வரவில்லை.

நேற்று நீ பிசிறவே இல்லை.

பாடகர் குழுவுக்கு முதுகு காட்டி வாசிக்கும் நான் உங்களைப் பார்ப்பதற்காக மேலே மாட்டிய கண்ணாடியில், நீ பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். நானும் பார்த்தேன். பிறகும் சத்தத்தைக் குறைக்கவில்லை.

உன் முகத்தில் விழிக்கத் துணியாத,
உன் கணவன்