வலது பக்கம் வாரிப் போடவும்

லூமி க்ரீக் டவுன்ஷிப், மிச்சிகன்
டிசம்பர் 9

அன்புள்ள ஆர்வோவுக்கு,

சைமி எழுதுகிறேன். நான் நலம். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நீ எழுதினால்தானே தெரியும்! கள்ளிச்செடி படம் போட்ட அட்டையில் இரண்டே வரி: "வெயில் நன்றாக இருக்கிறது. இங்கே வாருவதற்குப் பனி இல்லை." இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எழுதுகிற லட்சணம் இது. போனில் கேட்கலாம் என்றால் உன் மகன் டேல் பக்கத்திலேயே நின்றுகொண்டு உனக்கும் சேர்த்து அவனே பேசுகிறான். அதனால்தான் கடிதம்.

போன வாரம் குளிர்கால வீட்டு வரிக்கான பில் வந்தது. கூடவே வழக்கமான மஞ்சள் தாள், 'குடியிருப்போருக்குக் குளிர்காலக் குறிப்புகள்'. நீ சாலைப் பனியைத் தள்ளுகிற லாரியை ஓட்டுவதை விட்டுவிட்டாய், ஊரை விட்டே போய்விட்டாய், ஆனாலும் அடியில் 'உங்கள் சாலைக்காரன், ஆர்வோ லெஹ்டோ' என்று உன் பெயர்தான். புதிதாக எழுத அவர்களுக்குச் சோம்பல், பழையதையே அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். ஆக, இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். எனக்கு மட்டும் இரண்டு வரி.

நீ எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்கிறேன். தீயணைப்புக் குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்றவும், பிறகுதான் சொந்த வாசல் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறாய். நம் வேலி ஓரத்தில் இருப்பதால் அது என் தலையில் விடிந்தது. தினமும் எழுந்ததும் அதைத்தான் வாருகிறேன். வாசல் பனியை நீ எழுதியபடியே வலது பக்கம் வாரிப் போடுகிறேன். ராத்திரியில் தண்ணீர் உறையாமலிருக்கச் சமையலறைக் குழாயைச் சொட்ட விடுகிறேன். நீண்ட கம்பை வைத்துக்கொண்டு தரையில் நின்றபடியே கூரைப் பனியை இழுக்கிறேன். நீ செய்யும்போது அது உன் காலடியில் விழும். எனக்கென்னவோ நேராகக் கழுத்துக்குள்தான் விழுகிறது.

அக்டோபரில் நீ கிளம்பிய மறுநாளே, தரை இறுகுவதற்கு முன்னால், கார் பாதையின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறக் குச்சிகளை நானே சுத்தியலால் அடித்தேன். பாதை எங்கே முடிகிறது, புல்தரை எங்கே தொடங்குகிறது என்று லாரிக்குத் தெரிய வேண்டுமே. கோபத்தில் அடித்ததால் கொஞ்சம் ஆழமாகவே இறங்கிவிட்டன.

இனி என் பெரிய தலைவலிக்கு வருகிறேன். உன் இடத்துக்கு வந்திருக்கிற ட்ரிஷ் என்ற பெண்ணுக்கு லாரி ஓட்டத் தெரிகிறதே தவிர மனிதர்களைத் தெரியவில்லை. நான் பாடுபட்டு வாசலைச் சுத்தம் செய்து முடிப்பேன், அவள் வந்து ஒரே இழுப்பில் இடுப்பளவு பனி வரப்பை வாசலில் கட்டிவிட்டுப் போவாள். மற்ற வீடுகளில் முழங்கால் அளவுகூட இல்லை! தபால் பெட்டியை ஒரு தடவை சாய்த்தே விட்டாள். போதாததற்கு நம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் ஒரு ஹாரன் வேறு. கேலி செய்கிறாளோ என்னவோ. எதிர்வீட்டு ரூடி தன் வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டு, "என்ன சைமி, மதில் சுவரா கட்டற? செங்கல் எடுத்துக் குடுக்கட்டுமா?" என்கிறான். அந்தக் கோப்பையை வாங்கி அவன் தலையிலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது.

நீங்கள் கிளம்பிய அன்று டேல் சொன்னது நினைவிருக்கிறதா? "அம்மா, இந்த ஒரு குளிர்காலத்த தனியா தள்ளிக் காட்டு, அப்புறம் வீட்ட விக்கற பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலேன்னா பேசாம நீயும் அரிசோனாவுக்கு வந்துடு." நீ குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். ஒரு ஷூவுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. வாசலில் மட்டும் என்னிடம், "டாக்டர் சொன்னதால போறேன், இந்தக் குளிர்காலம் மட்டுந்தான்" என்றாய். இப்போது என்னவென்றால், டேல் அவன் தெருவிலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறானாம், அப்பாவுக்குப் பிடித்துப் போய்விட்டதாம்.

வசந்தத்தில் திரும்பி வருகிறாயா, இல்லையா? அது ஒன்றை மட்டும் எழுது. அதற்கு ஒரு வரி போதும்.

குளிர்க் காற்று இல்லாத ஊரானாலும் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொள்.

உன்,
சைமி

ஜனவரி 20

அன்புள்ள ஆர்வோவுக்கு,

உன் அட்டை கிடைத்தது. இந்தத் தடவை படத்தில் ஆரஞ்சுப் பழம். "தோள்பட்டையைப் பார்த்துக்கொள். காற்று வந்தால் வெளியே போகாதே." நான் கேட்டது என்ன, நீ எழுதியது என்ன? ஏரிப் பக்கமிருந்து காற்று வராத நாள் ஒன்றை இந்த ஊரில் காட்டு, அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே இருக்கிறேன்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஊரார் வாயிலிருந்து உனக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இந்த மாத டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ட்ரிஷ் மேல் புகார் சொன்னேன். வரி வாங்குகிறீர்களே, அந்த வரியில்தானே இந்த லாரி ஓடுகிறது, தனியாக இருக்கிற ஒரு வயதானவளின் வாசலில் மட்டும் மலையைக் கொட்டுவதற்கா நாங்கள் பணம் கட்டுகிறோம் என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

தலைவர் கோர்டன் தாடியைத் தடவிக்கொண்டே, "சைமி, யாரோட வாசலையும் லாரி தெறந்து விடக் கூடாதுன்னு ரூல் இருக்கு. ஒருத்தருக்குச் செஞ்சா ஊருக்கே செய்யணும். அந்த ரூல எழுதினது யாருன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. பொருளாளர் ஃபிலிஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். நீ எழுதிய சட்டம் சுற்றிச் சுற்றி வந்து உன் பெண்டாட்டி தலையிலேயே விழுந்தது. ட்ரிஷ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "வரப்பு கொஞ்சம் பெருசாத்தான் விழுது, மிசஸ் லெஹ்டோ. ஏன்னு எனக்கும் புரியல" என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏன் என்று மறுநாள் ரூடிதான் கண்டுபிடித்தான். நான் வாரிக்கொண்டிருந்தபோது தெருவைக் கடந்து வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் போடற?" என்று கேட்டான். வலது பக்கம்தான், ஆர்வோவின் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது, உனக்குப் படிக்கத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். அவன் என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, "ரோட்டப் பாத்து நிக்கணும் தாயே! நீ வீட்டப் பாத்து நிக்கற. ஒன் வலது, ரோட்டுக்கு எடது. லாரி அந்தப் பக்கத்துலேருந்துதான வருது, நீ போடறதையெல்லாம் அள்ளிட்டு வந்து ஒன் வாசல்லயே வச்சுட்டுப் போகுது" என்றான்.

ஆர்வோ, நான் இருந்த இடத்திலேயே பனி வாரும் மண்வெட்டியைத் தூக்கி எறிந்தேன். வலது பக்கம் என்று எழுதத் தெரிந்த உனக்கு, எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று எழுதத் தெரியவில்லையா? ஏரிக் காற்று முகத்தில் அறையும்போது யார்தான் சாலையைப் பார்த்து நிற்பார்கள்? காற்றுக்கு முதுகைக் காட்டினால் வீட்டைப் பார்த்துத்தான் நிற்க முடியும். லாரிக்குள் உட்கார்ந்து ஊரைப் பார்த்தவன் எழுதினால் இப்படித்தான் இருக்கும். ஒன்றரை மாதமாக என் கையாலேயே என் வாசலை அடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை வேறு ஊர் நடுவில் வைத்துப் பேசிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று மறுநாள் வேலி ஓரமாக நின்றேன். லாரி நிற்கவில்லை. ஒரு ஹாரன், அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது.

இப்போது சாலையைப் பார்த்துத்தான் வாருகிறேன். வரப்பு பாதியாகிவிட்டது, மூக்கு ரத்தச் சிவப்பாகிவிட்டது. சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டி ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். கல்லில் தண்ணீர் ஊற்ற உன் பக்கம் கை நீட்டினேன், அகப்பை என் கையிலேயே இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

உன்,
சைமி

பிப்ரவரி 15

அன்புள்ள ஆர்வோவுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. விரல்கள் மட்டும் வெளியே இருக்கின்றன, அவற்றை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டேலிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷமே வீட்டை விலை பேசுவான். உன்னிடம் சொல்கிறேன், அவனிடம் நீயும் சொல்லாதே.

போன வாரம் ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் பின்வாசல் வழியாக இறங்கினேன். படியில் பனிக்கு அடியில் வெறும் பனிக்கட்டி. உன் குறிப்பில் 'படிகளில் மணல் தூவவும்' என்று இருக்கிறது, எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம். கால் வழுக்கி, கூரையிலிருந்து நானே இழுத்துப் போட்ட குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் விழுந்தேன். கை மடிந்து அடியில் மாட்டிக்கொண்டது. எழ முடியவில்லை. கத்தினேன், ஏரிக் காற்றில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. டேல் ஜெயித்துவிட்டான் என்று முதலில் தோன்றியது. அப்புறம் அதுவும் தோன்றவில்லை, குளிர் மட்டும்தான் இருந்தது.

லாரி வரும் சத்தம் கேட்டது. இந்தப் பெண் ஹாரன் அடித்துவிட்டுப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். ஹாரன் வரவில்லை. லாரி நின்றது. இடுப்பளவு பனியை நீந்திக்கொண்டு ட்ரிஷ் வீட்டைச் சுற்றி ஓடி வந்தாள். "அசையாதீங்க, மிசஸ் லெஹ்டோ, நான் இருக்கேன்" என்றாள். தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டு, லாரியிலேயே தூக்கி உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு ஊர் முழுக்கச் சாலைகள் தாமதமாகத்தான் திறந்தன. ஒருத்தர்கூடப் புகார் சொல்லவில்லை.

நான் விழுந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று லாரியில் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தீயணைப்புக் குழாய் பனி மூடிக் கெடந்துச்சு. ஆர்வோ என்கிட்ட லாரிச் சாவியக் குடுக்கறப்பவே சொல்லியிருந்தாரு. 'ரூல் ரூல்தான், என் வீட்டு வாசல நீ தெறந்து விட வேணாம். ஆனா என் பொண்டாட்டி எழுந்ததும் மொதல்ல அந்தக் குழாயத்தான் வாருவா, கோவத்துலயாவது வாருவா. அது சுத்தமா இருந்தா ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போ. என்னிக்காவது மூடிக் கெடந்தா, வண்டிய அங்கயே நிறுத்து, யாரையும் கேக்காத, உள்ள போய்ப் பாரு'ன்னாரு. அதுக்குத்தான் தெனமும் ஹாரன். ஒங்களுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன்."

எனக்கு எப்படித் தெரியும்? நீ என்னிடம் சொன்னாயா? ஊரில் ஒரு லாரிக்காரிக்குச் சொல்லத் தெரிந்தது உனக்கு. ஹாரனைக் கேலி என்று நினைத்து எத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன்! லாரியில் உட்கார்ந்து அழுதேன், ஆர்வோ. வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள். வலியும்தான். ஆனால் உன் மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது.

நேற்று வரி கட்டக் கடைசி நாள். நம் ஊரில் யார் அதைத் தபாலில் அனுப்புகிறார்கள்? எல்லோரும் போல ஆபீஸுக்கு நேரிலேயே போனேன், ட்ரிஷ் கூட்டிப்போனாள். போன மாதம் பேசிய அதே இடத்தில் நின்று, அதே ஆட்கள் முன்னால், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கோர்டன் தாடியைத் தடவவில்லை. ட்ரிஷ் வண்டியைக் கிளப்பப் போனதும் ஃபிலிஸ் ரசீது கொடுத்துவிட்டு, மேஜையில் இருந்த ஏலக்காய் ரொட்டியில் இரண்டு துண்டும் இரண்டு கோப்பைக் காப்பியும் எடுத்து என் முன்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் நீ கூட வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. "அடடா, பழக்க தோஷம்" என்று ஒன்றைத் திரும்ப எடுக்கப் போனாள். இருக்கட்டும் என்று சொல்லி இரண்டையும் நானே குடித்தேன். உன் கோப்பையில் சர்க்கரை அதிகம்.

அடுத்த குளிர்காலத்துக்குக் குறிப்புகளைத் திருத்தித் தரச் சொல்லி கோர்டன் என்னிடம் கேட்டார். 'சாலையைப் பார்த்து நின்று, வலது பக்கம்' என்று முதல் வேலையாகச் சேர்த்துவிட்டேன். உன்னையும் அதையேதான் கேட்கிறேன். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய் என்று நீ எனக்கும் எழுதவே இல்லை.

தனியாகத் தள்ளிக் காட்டுவேன் என்று டிசம்பரில் நினைத்தேன். முடியவில்லை, ஆர்வோ. வாருவது முடிகிறது, வரி கட்டுவது முடிகிறது. விழுந்து கிடந்தபோது கூப்பிடுவதற்கு உன் பெயரைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. இந்தக் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது என்றால் நான் அங்கே வருகிறேன். அந்தக் கள்ளிச்செடியையும் பார்த்துத் தொலைக்கிறேன். ஆனால் அதை டேல் வாயால் கேட்க மாட்டேன். நீ வந்து, இந்தச் சமையலறையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் தரை இளகும். ஆரஞ்சுக் குச்சிகளைப் பிடுங்க வேண்டும். ஆழமாக அடித்துவிட்டேன், இந்தக் கையை வைத்துக்கொண்டு என்னால் முடியாது. ரூடி செய்கிறேன் என்றான், தொடாதே என்று சொல்லிவிட்டேன். நீ வந்து பிடுங்கு. அதுவரை அவை அங்கேயே நிற்கட்டும், வாசல் எங்கே என்று உனக்குத் தெரிய வேண்டுமே.

இங்கே ஏப்ரலிலும் குளிர்தான். கழுத்துத் துண்டு உன் பெட்டியில் அடியில் இருக்கிறது, நான்தான் வைத்தேன். சுற்றிக்கொண்டு வா.

உன்,
சைமி