மூன்று கிளினிக் கொப்பிகள்

அன்புள்ள உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

நான் வேலை செய்யும் கட்டார் ஆஸ்பத்திரியில் நேற்று ஒரு வயதான பெண்ணின் நோயாளி இலக்கத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். சீனி வருத்தத்து டொக்டரும் கிட்னி டொக்டரும் கொடுத்த மருந்துக் குளிசைகள் ஒன்றுக்கொன்று ஆகாதென்று திரையில் சிவப்பாக வந்தது. உடனே மாற்றிக் கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது, வேறொன்றுமில்லை.

நீங்களோ, "மத்த டொக்டர்ட கொப்பிய கண்டா ஏசுவாங்க மகள்" என்று சீனி, இதய, கிட்னி டொக்டர்கள் மருந்தெழுதும் கொப்பிகளைத் தனித்தனிப் பைகளில் ஒளித்துக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். ஏசினால் ஏசட்டும் உம்மா, மூன்றையும் எல்லா டொக்டருக்கும் காட்டுங்கள். தங்கச்சி அம்றாவிடம் அவற்றைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் முகத்தையும் சேர்த்து.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இங்கே வரும் யாருடைய உம்மா என்ன குளிசை குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் உம்மா குடிப்பதுதான் தெரியாது.

மகள் மபாஸா